தெளிப்பான் வாஷரைக் காப்பது எப்படி?

உழவர் பெருமக்கள் பயிருக்கான மருந்தைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்டும் தெரிந்து கொள்கிறார்கள். ஆனால் அந்த மருந்தைப் பயிரிடம் கொண்டு போய்ச் சேர்க்கும் பம்பை, அது நின்று போகும் நாளில்தான் நினைக்கிறார்கள். பம்பு பெரும்பாலும் நிற்பது ஒரு சிறிய வாஷர் தேய்ந்ததால்தான். சில சொட்டு எண்ணெயும் சிறிது கிரீசும் அந்த வாஷரின் ஆயுளைப் பல மடங்கு கூட்டும். அதற்கான முறைகளை இங்கு காண்போம்.

வாஷரின் வேலை என்ன?

முதுகில் சுமக்கும் கைத்தெளிப்பான், மரங்களுக்கு அடிக்கும் ராக்கர் தெளிப்பான், எஞ்சினால் ஓடும் விசைப் பம்பு ஆகிய மூன்றிலும் ஒரு பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடுகிறது. (மின்கலத் தெளிப்பான்களில் பெரும்பாலும் சவ்வுப் பம்பு இருப்பதால் அவற்றுக்கு இந்த முறைகள் பொருந்தா.) பிஸ்டனுக்கும் உருளைக்கும் இடையே உள்ள சந்தை அடைப்பது கிண்ண வாஷர். தண்டு வெளியே வரும் இடத்தை அடைப்பது கிளாண்ட் பாக்கிங். கைத்தெளிப்பானில் சுமார் 3 கிலோ அழுத்தம் உண்டாகிறது. ராக்கர் தெளிப்பானிலும் விசைப் பம்பிலும் இது பல மடங்கு அதிகம். இந்த அழுத்தம் முழுவதையும் தாங்கி நிற்பது வாஷரும் பாக்கிங்கும்தான்.

மருந்துக் கலவையே வாஷரை நனைக்கிறதே, தனியாக மசகு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தண்ணீர் சூட்டைத் தணிக்குமே தவிர, நல்ல மசகு ஆகாது. நனையும் கந்தகம், காப்பர் ஆக்சிகுளோரைடு போன்ற தூள் மருந்துகளின் நுண்துகள்களும், போர்டோ கலவையின் சுண்ணாம்பும் உப்புத்தாள் போல உருளையையும் வாஷரையும் அராவுகின்றன. எண்ணெய் வடிவ மருந்துகளில் உள்ள கரைப்பான் சாதாரண ரப்பரை ஊதச் செய்கிறது. இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் உராய்வு குறையும்.

கசிவால் வரும் கேடு

கிளாண்டிலிருந்து நொடிக்கு ஒரு சொட்டு கசிவதாக வைத்துக் கொள்ளுங்கள். 20 சொட்டு ஏறத்தாழ 1 மில்லி லிட்டர். நிமிடத்துக்கு 3 மில்லி, மணிக்கு 180 மில்லி. 6 மணி நேரம் தெளித்தால் 1 லிட்டருக்கும் அதிகமான மருந்துக் கலவை வெளியேறுகிறது. கைத்தெளிப்பானில் இது தெளிப்பவரின் முதுகிலும் இடுப்பிலும் இறங்கும். நனைந்த துணி மருந்தை உடம்போடு ஒட்ட வைத்து, தோல் வழியாக உள்ளே செலுத்தும். 2017ஆம் ஆண்டில் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்கள் பலர் நஞ்சேறி இறந்தனர். அதற்குக் காரணங்கள் பல. ஆயினும் மருந்து உடம்பில் படுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை அது நமக்கு உணர்த்துகிறது. ஒழுகும் தெளிப்பானை ஒருபோதும் முதுகில் ஏற்றாதீர்கள். கூலிக்குத் தெளிக்க வருபவரின் முதுகிலும் ஏற்றாதீர்கள்.

உள்ளே இருக்கும் கிண்ண வாஷர் தேய்ந்தால் கசிவு கண்ணுக்குத் தெரியாது. அழுத்தம் மட்டும் குறையும். அழுத்தம் 4 கிலோவிலிருந்து 1 கிலோவாக இறங்கினால் நாசிலில் வரும் அளவு பாதியாகும். நீங்கள் வழக்கம் போலவே நடந்தால் பயிருக்குப் பாதி மருந்துதான் கிடைக்கும். துளிகளும் பெரிதாகி இலையிலிருந்து உருண்டு விழும். பூச்சி சாகவில்லை என்று மருந்தைக் குறை சொல்வதற்கு முன் வாஷரைப் பாருங்கள்.

எந்த வாஷருக்கு எந்த எண்ணெய்?

1. தோல் வாஷர்: காய்ந்தால் சுருங்கி விறைத்துவிடும். புதிய வாஷரை மாட்டுவதற்கு முன் ஓர் இரவு முழுவதும் விளக்கெண்ணெயில் ஊற வைக்கவும். பருவம் முடிந்து எடுத்து வைக்கும்போதும் எண்ணெய் தடவியே வைக்கவும்.

2. சாதாரண ரப்பர் வாஷர்: எஞ்சின் எண்ணெய், டீசல், மண்ணெண்ணெய் ஆகியவை இதற்குப் பகை. அவை பட்டால் ரப்பர் ஊதி, மெத்தென்று ஆகிக் கிழியும். விளக்கெண்ணெய் போதும்.

3. எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பர் வாஷர்: கிரீசும் மெஷின் எண்ணெயும் இடலாம்.

உங்கள் பம்பில் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால் விளக்கெண்ணெயே இடுங்கள். அது மூன்றுக்கும் கெடுதல் செய்யாது; மற்ற சில எண்ணெய்களைப் போல எளிதில் காய்ந்து பிசுபிசுக்கவும் செய்யாது.

கைத்தெளிப்பானிலும் ராக்கரிலும் வேலை தொடங்கும் முன் தண்டிலும் கிளாண்டிலும் சில சொட்டு விட்டு, கைப்பிடியை நாலைந்து முறை அசையுங்கள். கிளாண்டு ஒழுகினால் அதன் நட்டைக் கால் சுற்றாக முறுக்கி, ஒழுக்கு நின்றதும் நிறுத்திவிடுங்கள். மேலும் இறுக்கினால் தண்டு தேய்ந்து கோடு விழும், கைக்கும் பாரமாகும். அப்படியும் நிற்காவிட்டால் பாக்கிங்கை மாற்றுவதே வழி. கிண்ண வாஷரை மாற்றும்போது அதன் வாய்ப்பக்கம், அழுத்தம் உண்டாகும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் புதிய வாஷரும் அழுத்தம் பிடிக்காது.

விசைப் பம்புக்கு

மூன்று பிஸ்டன் கொண்ட விசைப் பம்பில் பெரும்பாலும் மூன்று கிரீஸ் கிண்ணங்கள் இருக்கும். இவற்றின் மூடியைத் திருகினால் கிரீஸ் பாக்கிங்குகளுக்கு இடையே இறங்கும். ஏறத்தாழ 2 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை, எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு மூடியையும் ஒன்று அல்லது இரண்டு சுற்றுத் திருகுங்கள். உங்கள் பம்புடன் வந்த குறிப்பேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். மூடி அடிவரை இறங்கிவிட்டால் உடனே நிரப்புங்கள்.

கிரீஸ் தண்ணீரில் கரையாததாக இருக்க வேண்டும். லித்தியம் அல்லது சுண்ணாம்பு வகைக் கிரீஸ் ஏற்றது. சோடா வகை ஆகாது. சிறிது கிரீசை ஈர விரல்களுக்கு இடையே தேய்த்துப் பாருங்கள். பால் போலக் கலங்கிக் கரைந்தால் அது வேண்டாம்.

இன்னும் இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. முதலாவது, பம்பை வெறுமனே ஓட விடாதீர்கள். உறிஞ்சு குழாயின் சல்லடை எப்போதும் கலவைக்குள் மூழ்கியிருக்கட்டும். கலவை வராமல் ஓடினால் உராய்வுச் சூட்டில் பாக்கிங் சிறிது நேரத்திலேயே கருகிவிடும். இரண்டாவது, அடிப்பெட்டியில் உள்ள எண்ணெயை வேலைக்கு முன் பாருங்கள். அது வெளுத்துப் பால் நிறமாக இருந்தால் பாக்கிங்கைத் தாண்டித் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். எண்ணெயை மட்டும் மாற்றிப் பயனில்லை. பாக்கிங்கையும் மாற்ற வேண்டும்.

வேலை முடிந்த பின்

கலவையை எப்போதும் துணியில் வடிகட்டியே ஊற்றுங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றி, நாசில் வழியே தெளிவாக வரும்வரை அடித்துக் கழுவுங்கள். கழுவிய நீரைக் கிணறு, குளம், வாய்க்கால் எதிலும் விடாதீர்கள். அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, தண்டில் எண்ணெய் தடவி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். வாஷரைக் கழற்றும்போது ரப்பர் கையுறை அணிவது அவசியம். அடைத்த நாசிலை வாயால் ஊதாதீர்கள்.

பருவம் தொடங்கு முன் வெறும் தண்ணீரை ஊற்றி ஒரு முறை அடித்துப் பாருங்கள். ஒழுக்கு இருந்தால் அன்றே சரி செய்துவிடலாம். ஒரு செட் வாஷரும் ஒரு சிறு குப்பி விளக்கெண்ணெயும் வீட்டில் இருக்கட்டும். புழு இலையில் ஏறிய பிறகு வாஷருக்காக டவுனுக்கு ஓடும் நாள், பயிர் இழக்கும் நாள் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.