இரு தரப்பையும் கேள்

அன்பு மருமகளுக்கு,

உன் ஆய்வுத் திட்டத்தை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். மதுரையில் வீட்டுவேலை செய்யும் பெண்களிடையே களப்பணி செய்து, இன்றைய வர்க்கத்தைப் பற்றி எழுதப் போகிறாய். மானிடவியல் படித்தவர்கள் மலைக்குத்தான் போவார்கள் என்று நினைக்கும் நம் வீட்டாருக்கு இது வியப்பாக இருக்கும். எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. நீ பேட்டி காணப் போகிறவர்களின் பட்டியலில், வேலைக்கு வைத்திருக்கும் வீட்டுக்காரம்மா ஒருவர்கூட இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சம்பளத்தையும் வீட்டுக் கூரையையும் கணக்கெடுத்தால் வர்க்கம் முழுதாகத் தெரிந்துவிடாது. ஒருவர் உட்கார்ந்திருக்க இன்னொருவர் நிற்பதிலும், ஒருவர் கேட்க இன்னொருவர் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பதிலும் அது அன்றாடம் நடக்கிறது. ஒரு தரப்பை மட்டும் கேட்டால் ஏழ்மையைப் பற்றி எழுதலாம், அதைக் கட்டிக்காக்கும் உறவு பிடிபடாது.

எளியவர்களையே ஆராய்ந்துகொண்டிருக்கிறோமே, அதிகாரம் உள்ளவர்களை யார் ஆராய்வது என்று 1972இலேயே மானிடவியலாளர் லாரா நேடர் கேட்டார். இன்னொரு மானிடவியலாளர் கேரன் ஹோ அதைச் செய்து காட்டினார். வால் ஸ்ட்ரீட் முதலீட்டு வங்கி ஒன்றில் வேலை பார்த்து, பிறகு அந்த உலகத்திலேயே களப்பணி செய்து, 2009இல் 'லிக்விடேட்டட்' நூலை வெளியிட்டார். அவர் கண்டது இது: பேர்பெற்ற பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த வங்கியாளர்கள் தங்களை மிகப் பெரிய கெட்டிக்காரர்கள் என்று நம்புகிறார்கள். எந்த நேரமும் வேலை போகலாம் என்பது அவர்களுக்குப் பழகிய வாழ்க்கை. அதையே மற்ற நிறுவனங்களுக்கும் நல்ல வழி என்று திணிக்கிறார்கள். ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்களை மட்டும் கேட்டிருந்தால் இந்த நம்பிக்கை வெளியே வந்திருக்காது.

கேட்டதை எல்லாம் அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடையே பணியாற்றிய லாயிட் வார்னர், 1930களில் அமெரிக்காவின் நியூபரிபோர்ட் ஊரை ஆராய்ந்தார். ஊரார் ஒருவரையொருவர் எடைபோடும் விதத்தைக் கொண்டு ஆறு அடுக்குகளை வகுத்தார். பிற்பாடு வரலாற்றாளர் ஸ்டீபன் தெர்ன்ஸ்ட்ராம் அதே ஊரின் பழைய மக்கள்தொகைக் கணக்கையும் சேமிப்பு வங்கி ஏடுகளையும் புரட்டினார். ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதையை வார்னர் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டார் என்று 1964இல் எழுதினார். பேச்சைக் கேள், பத்திரத்தையும் பார்.

நீ போகிற மதுரையிலேயே உனக்கு முன்னோடி இருக்கிறார். சாரா டிக்கி 1980களின் நடுவில் அங்கே வந்தவர். சினிமாவைப் பற்றியும் நகர்ப்புற ஏழைகளைப் பற்றியும் முதலில் எழுதினார். வீட்டுவேலை பற்றி ஆராய்ந்தபோது வேலை செய்பவர், வேலை வாங்குபவர் இருவரிடமும் பேசினார். வெளி அழுக்கு உள்ளே வந்துவிடும், வீட்டுப் பொருளும் வீட்டுச் சேதியும் வெளியே போய்விடும் என்ற வீட்டுக்காரர்களின் அச்சத்தை அவர் பதிவு செய்தது அதனால்தான். வேலைக்காரப் பெண் இல்லாமல் அந்த வீட்டின் மதிப்பு நிற்காது. அவளை நெருங்கவிட்டாலும் அந்த மதிப்புக்குப் பயம். நீ நிற்க வேண்டிய இடம் இதுதான்.

சாதியைக் கழித்துவிட்டு வர்க்கத்தை எழுதாதே. தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றுக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் இட்டு 1965இல் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தே எழுதிய நூலைப் படி. முன்பு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்த சாதியும் நிலமும் அதிகாரமும் எப்படிப் பிரியத் தொடங்கின என்று அதில் தெரியும். பிறகு ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் 2014இல் தமிழ்ப் பிராமணர்களைப் பற்றி எழுதியதைப் படி. ஒரு சாதியே நடுத்தர வர்க்கமாக உருவான வரலாறு அது. யார் சமையலறைக்குள் போகலாம், யார் பாத்திரம் மட்டும் துலக்கலாம் என்பதைச் சம்பளக் கணக்கு சொல்லாது.

இனி நடைமுறை. ஒரே வீட்டின் இரு தரப்பையும் பேட்டி காணாதே. பெயரை மாற்றினாலும் வீட்டுக்காரம்மாவுக்குத் தன் வீட்டுக் கதை அடையாளம் தெரிந்துவிடும், அந்தப் பெண்ணின் வேலை போய்விடும். வேலை நேரத்தில் யாரையும் நிறுத்திப் பேசாதே, அவள் அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியவள். மாத வருமானம் எவ்வளவு என்று எடுத்த எடுப்பில் கேட்காதே. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு எந்த நகை அடகுக்கடைக்குப் போனது, மீட்க முடிந்ததா, சீட்டு யாரிடம் போடுகிறாள் என்று கேள். அந்தப் பதில்களில் அவளுடைய ஆண்டு முழுவதும் தெரியும்.

கடைசியாக, நீயும் ஒரு தரப்பு. உன் செருப்பு, உன் கைபேசி, நீ பேசும் தமிழ் எல்லாவற்றையும் அவர்கள் எடைபோடுவார்கள். ஒரு வீட்டில் உனக்கு நாற்காலி போடுவார்கள், இன்னொரு வீட்டில் காபி கொடுத்து உன்னைத் தங்களில் ஒருத்தியாக நினைத்துப் பேசுவார்கள். இரண்டையும் அன்றிரவே குறிப்பேட்டில் எழுதிவிடு, அதுவும் உன் சான்றுதான். வீட்டுக்காரம்மாக்களை வில்லிகளாக எழுதிவிடாதே. தான் நல்லவள் என்று மனதார நம்பும் ஒருத்தி ஏற்றத்தாழ்வை எப்படி நடத்திச் செல்கிறாள் என்பதை விளக்கினால்தான் உன் ஆய்வேடு உண்மை பேசும்.

நெறியாளரிடம் பேசி அந்தப் பட்டியலைத் திருத்து. திருத்தியதை எனக்கு அனுப்பு, உட்கார்ந்து பேசுவோம். நீ நன்றாகச் செய்வாய்.

அன்புடன்,
மாமா