பகுதி நேரம் வேறு, தபால் வழி வேறு!

நம்பிக்கை: “பார்ட் டைம் பி.இ. செல்லாது. சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.”

உண்மை: இந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. என் மாலை வகுப்புக்கு ஒரு தம்பி வருகிறார். பகலில் ஃபவுண்டரி வேலை. நகக்கண்ணில் ஒட்டிய கருமணலோடுதான் பேனா பிடிப்பார். போன மாதம், “படிப்பை விட்டுடறேன் சார்” என்று வந்து நின்றார். கம்பெனியில் யாரோ இப்படிச் சொன்னார்களாம்.

சொன்னவர் தீர்ப்பைப் படித்தாரா? 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதல் இல்லாமல் தொலைநிலையில் நடத்திய பொறியியல் படிப்புகளைப் பற்றி. பகுதி நேரப் படிப்புக்கும் அந்த வழக்குக்கும் சம்பந்தமே இல்லை.

பகுதி நேரம் என்றால் வகுப்பு மாலையில் நடக்கும், அவ்வளவுதான். ஆசிரியர், ஆய்வகம், வருகைப் பதிவு, செமஸ்டர் தேர்வு எல்லாம் உண்டு. டிப்ளமோ முடித்துவிட்டுப் பகல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்பவருக்கு மூன்று ஆண்டுப் படிப்பு. அதே டிப்ளமோவோடு மாலையில் படிப்பவருக்கு மூன்றரை ஆண்டு, ஏழு செமஸ்டர். வேலையும் பார்த்து, அரை ஆண்டு கூடுதலாகவும் படித்தவரின் பட்டத்தை மட்டம் தட்ட யாருக்கு உரிமை இருக்கிறது? சேரும் முன் ஏஐசிடிஇ ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். வதந்தியைப் பார்க்காதீர்கள்.

நம்பிக்கை: “ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படித்தால் இரண்டும் போய்விடும்.”

உண்மை: 2022-லேயே யுஜிசி அனுமதித்துவிட்டது. இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் மோதக் கூடாது.

நம்பிக்கை: “செல்போனில் லைக் போட்டால் பார்ட் டைம் சம்பளம்.”

உண்மை: வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கட்டச் சொல்ல மாட்டார். சொன்னால் மோசடி. ஏமாந்திருந்தால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள்.

நம்பிக்கை: “ஆஸ்திரேலியாவில் பார்ட் டைம் வேலை பார்த்தே ஃபீஸ் கட்டிவிடலாம்.”

உண்மை: வகுப்பு நடக்கும் காலத்தில் மாணவர் விசாவுக்கு இரண்டு வாரத்தில் 48 மணி நேர வேலைதான் அனுமதி. அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

கடைசியாக, தொழிற்சாலை நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தம்பி படிப்பை விடவில்லை. ஆனால் போன வாரம் முழுக்க அவர் இடம் காலி. செகண்ட் ஷிஃப்ட், மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை. வருகைப் பதிவு குறைந்தால் அவர் தேர்வே எழுத முடியாது. படிக்கிற தொழிலாளிக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் கொடுங்கள். நீங்கள் பணம் எதுவும் தர வேண்டாம், அந்த மாலை நேரத்தை விட்டுக்கொடுத்தால் போதும்.