வேர்ப்புழு வருமுன் வண்டைப் பிடியுங்கள்

காரமடைப் பக்கம் மானாவாரிக் கடலை திட்டுத்திட்டாக வாடினால், தண்ணீர்க் குறை என்று விட்டுவிடாதீர்கள். செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில்லாமல் கையோடு வந்தால், அடியில் வளைந்து கிடக்கும் வெள்ளை வேர்ப்புழுதான் காரணம். மண்ணுக்குள் இருக்கும் புழுவுக்கு மருந்து எட்டுவது கஷ்டம். இந்தப் புழுதான் வளர்ந்து வண்டாகி முட்டையிடுகிறது; அதனால் வண்டிலேயே பிடிப்பதுதான் லாபம். வருஷத்துக்கு ஒரே தலைமுறை என்பதால் பிடித்தவரை மிச்சம்.

சித்திரை, வைகாசியில் நல்ல கோடை மழை பெய்ததும், இருட்டும் நேரத்தில் வண்டுகள் மண்ணைவிட்டுக் கிளம்பி வேப்பமரத்துக்குத் தழை தின்ன வரும். கிளையை உலுக்கி, விழுவதை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். பக்கத்துத் தோட்டத்தாரும் சேர்ந்து செய்தால்தான் பலன். பிறகு ஆழ உழுங்கள். மேலே வரும் புழுக்களை மைனாவும் கொக்கும் பொறுக்கிக்கொள்ளும்.

மக்காத சாணியில் இந்தப் புழு பெருகும் என்பதால் அதைக் கொட்டாதீர்கள். மக்கிய தொழுவுரத்தில், புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது இடலாம். அளவை வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.