முதல் வரியிலேயே நிற்கிறீர்களா?

வேலைக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்து, முதல் வரியையே அடித்து அடித்து எழுதி, "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று மூடி வைப்பவர்களைச் சோம்பேறி என்பது அநியாயம். பல நேரம் காரணம் பயம்தான். விண்ணப்பம் சுமாராக இருந்தால் 'நானே சுமார்தான்' என்று ஆகிவிடுமோ என்ற பயம்.

முதல் பிரதியை வேண்டுமென்றே கரடுமுரடாக எழுதுங்கள். கால் மணி நேரத்துக்கு அலாரம் வைத்து, அது அடிக்கும்வரை எதையும் அழிக்காதீர்கள். பேனாவில் எழுதினால் இன்னும் நல்லது. திருத்தமெல்லாம் மறுநாள்.

அப்படியும் தள்ளிப்போய்விட்டதா? உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். இன்றைக்கே மறுபடி அலாரம் வையுங்கள்.