எழுத்துத் தொழிலும் ஒழுங்கும்

பட்டம் பெற்று வெளியே செல்லும் மாணவ மாணவியருள் சிலர் ஆண்டுதோறும் என்னிடம் வினவுவது ஒன்றுண்டு. எந்த அலுவலகத்திலும் மாதச் சம்பளத்துக்கு அமராமல், எழுதியே வாழ இயலுமா என்பதே அது. இக்கல்லூரியில் பொருளியல் பயின்று, கடந்த 18 ஆண்டுகளாகக் கட்டுரை எழுதுவதையும் மொழிபெயர்ப்பதையுமே தொழிலாகக் கொண்டவள் என்ற முறையில், இயலும் என்றே விடை கூறுவேன். ஆனால் எழுத்தாற்றல் மட்டும் அதற்குப் போதாது. எழுத்தைத் தொழிலாக நடத்தும் ஒழுங்கும் வேண்டும். அவ்வொழுங்கு எத்தகையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் உணர்த்தும் பொருள்

இவ்வாறு தனித்து நின்று எழுதுவோரை ஆங்கில வழக்கில் 'ஃப்ரீலான்சர்' என்பர். 'லான்ஸ்' என்றால் ஈட்டி. வால்ட்டர் ஸ்காட் 1819-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஐவன்ஹோ' என்னும் புதினத்தில், எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாமல் கூலி பெற்றுப் போரிடும் வீரர்களை இப்பெயரால் குறித்தார். பின்னாளில் அது எழுத்தாளருக்கும் ஆகி வந்தது.

இச்சொல்லில் உள்ள விடுதலையை மட்டுமே பலர் காண்கின்றனர். அவ்வீரனுக்கு ஆணையிட அரசன் இல்லை என்பது உண்மை. ஆனால் அவன் ஈட்டியைத் தீட்டித் தரவும், குதிரைக்குக் கொள்ளு வைக்கவும் அரண்மனையில் ஆளில்லை என்பதும் உண்மையே. எழுத்தாளர் நிலையும் அதுதான். முதலாளி, தொழிலாளி, கணக்கர் ஆகிய மூவரும் அவர் ஒருவரே. முதலாளி சோம்பினால் வேலை வராது. தொழிலாளி சோம்பினால் வந்த வேலை முடியாது. கணக்கர் சோம்பினால் முடித்த வேலைக்குப் பணம் வராது.

காலம்

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் 1834 முதல் 1867 வரை அஞ்சல் துறையில் பணியாற்றியவர். அப்பணியில் இருந்துகொண்டே தம் நாவல்களில் பலவற்றை எழுதினார். விடியற்காலையில் தம்மை எழுப்புவதற்கென்றே முதிய பணியாள் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். 5.30 மணிக்கு மேசை முன் அமர்ந்துவிடுவார். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பின்னர்க் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். அன்றன்று எத்தனை பக்கம் எழுதினார் என்பதை நாட்குறிப்பில் பதிந்தார். ஒரு வாரம் வீணானால் அவ்வெற்றிடமே தம்மைக் குற்றம் சாட்டும் என்பது அவர் கருத்து. இவ்வாறு அவர் எழுதி முடித்த நாவல்கள் 47.

இத்தகைய ஒழுங்கைக் காண நான் இங்கிலாந்து வரை செல்ல வேண்டியதில்லை. என் தந்தையார் ஆரணியில் பட்டு நெசவு செய்தவர். வீட்டிலேயே தறி, மேற்பார்வைக்கு எவரும் இல்லை. ஆயினும் பொழுது புலரும்போதே தறிக்குழியில் இறங்கிவிடுவார். உறவினர் வந்தால் நெய்துகொண்டே பேசுவார். இழை அறுந்தால் அப்போதே முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்வார். அவர் எந்த நூலிலும் படித்து அறிந்ததன்று இது. சேலை இறங்கினால்தான் கூலி என்ற நிலையே அவருக்கு அதைக் கற்பித்தது.

வீட்டில் இருப்போரெல்லாம் வேலையற்றவர் என்று எண்ணுவது நம் மக்களின் இயல்பு. பெண்கள் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. "சும்மாதானே இருக்கிறாய், கொஞ்சம் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வா" என்ற சொல்லை நான் கேட்காத நாள் தொடக்கத்தில் குறைவு. இதற்குச் சினம் கொள்வதால் பயனில்லை. காலை 6 மணி முதல் 10 மணி வரை எழுதும் நேரம் என வரையறுத்தேன்; கைப்பேசியை அடுத்த அறையில் வைத்தேன். நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அமர்வதைக் கண்ட வீட்டார் ஆறு திங்களில் அதனை அலுவலகமாக ஏற்றுக்கொண்டனர். நம் நேரத்தை நாம் மதித்தால்தான் பிறர் மதிப்பர்.

மதிப்பீடும் கூலியும்

ஒப்புக்கொள்ளும்போதே வேலையின் அளவை அறிந்திருத்தல் இன்றியமையாதது. சாமுவேல் ஜான்சனின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1746-ஆம் ஆண்டில் லண்டன் புத்தக வணிகர் சிலர், ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுக்க அவருடன் 1,500 கினிக்கு ஒப்பந்தம் செய்தனர். மூன்று ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்று அவர் கணித்தார். ஏறத்தாழ 9 ஆண்டுகள் ஆயின. படியெழுதிய உதவியாளர்களின் கூலியும் அத்தொகையிலிருந்தே சென்றது. 1755-இல் அகராதி வெளிவந்து அவர் புகழ் பரவியது. ஆனால் மறு ஆண்டே, 6 பவுண்டுக்கும் குறைந்த கடனுக்காக அவர் காவலில் வைக்கப்பட்டார். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் பணம் அனுப்பி மீட்டார். அத்தகைய பேரறிஞருக்கே புகழ் வேறு, கூலி வேறு என்று ஆயிற்று.

நான் கைக்கொள்ளும் முறை எளியது. மொழிபெயர்க்க நூல் ஒன்று வந்தால், நடுவிலிருந்து இரண்டு பக்கங்களை எழுதிப் பார்ப்பேன். அதற்கான நேரத்தைப் பக்கங்களால் பெருக்கி, திருத்துவதற்கும் காய்ச்சல் தலைவலிக்குமாக நாலில் ஒரு பங்கு கூட்டுவேன். அதன் பின்னரே நாளும் தொகையும் சொல்வேன். நெடிய பணியானால் முன்பணம் ஒரு பங்கு, பாதி முடிந்ததும் ஒரு பங்கு, இறுதியில் எஞ்சியது எனக் கேட்பேன். பணம் கேட்பது கலைக்கு இழுக்கு என்று எண்ணுவோர் உளர். அச்சிடுவோரும் தாள் விற்போரும் கேட்கும்போது எழுதுவோர் மட்டும் கூசுவானேன்? கூலியின்றி எழுதுவதும் உண்டு; அது கொடை என்பதை முன்பே தீர்மானித்து எழுத வேண்டும். இம்மலருக்கு எழுதுவது அவ்வகையைச் சேர்ந்தது.

உரிமையும் ஆவணமும்

1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தை எழுதி வாழ விரும்புவோர் ஒருமுறையேனும் படித்தல் வேண்டும். ஊழியராக இல்லாமல் தனித்து எழுதுபவரே தம் எழுத்தின் முதல் உரிமையாளர். அவ்வுரிமை அவர் வாழ்நாளுக்கும், மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். உரிமையைப் பிறருக்கு மாற்றித் தருவது எழுத்திலும் கையொப்பத்துடனும் இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது.

பதிப்பகம் ஒன்று, நான் மொழிபெயர்த்த நூலை எனக்குத் தெரிவிக்காமலேயே இரண்டாம் முறை அச்சிட்டது. கேட்டபோது, முழு உரிமையும் தமக்கே என்றனர். முதற்பதிப்பின் 1,000 படிகளுக்கு மட்டுமே என்று அவர்கள் கையொப்பமிட்ட கடிதம் என் கோப்பில் இருந்தது. அதன் நகலை அனுப்பினேன். இரண்டு திங்களில் எனக்குரிய தொகை வந்தது. என் மகளின் கல்லூரிக் கட்டணத்தை அவ்வாண்டு அத்தொகைதான் கட்டியது. உரத்த குரலால் ஆகாத காரியம் ஒரு தாளால் ஆயிற்று.

ஏற்றமும் இறக்கமும்

இத்தொழிலில் ஒரு திங்கள் 40,000 ரூபாய் வரும். அடுத்த இரு திங்கள் ஒன்றும் வாராது. ஆகவே வரும் பணம் அனைத்தையும் தனி வங்கிக் கணக்கில் இட்டு, அதிலிருந்து மாதந்தோறும் ஒரே அளவு தொகையை எனக்கு நானே சம்பளமாகக் கொடுத்துக்கொள்கிறேன். வரிக்கென ஒரு பகுதியைத் தொடுவதில்லை. பெரிய நிறுவனங்கள் வரியைப் பிடித்துக்கொண்டே பணம் தருவதால், அதற்குரிய சான்றைக் கேட்டு வாங்கிவிடுகிறேன். ஆறு திங்கள் செலவுக்குரிய சேமிப்பு இல்லாமல் எவரும் நிலையான வேலையை விட்டு இத்தொழிலுக்கு வருதல் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பத்திரிகையையும் எழுத்தையும் நம்பி வாழ்ந்த புதுமைப்பித்தன் 1948-ஆம் ஆண்டில், 42 வயதில், வறுமையிடையே காசநோயால் மறைந்தார். அவரது உழைப்பையோ திறனையோ குறைசொல்வார் எவருமிலர். தமிழில் எழுதுவோனுக்கு ஊரும் தொழிலும் எவ்வளவு குறைவான பாதுகாப்பைத் தந்தன என்பதையே அது காட்டுகிறது. தனி ஒருவரின் ஒழுங்கு அக்குறை முழுவதையும் நீக்கிவிடாது. ஆனால் விழும்போது தாங்க ஒரு கைப்பிடியாக அமையும். அக்கைப்பிடியைத் தாமே அமைத்துக்கொண்டவர்களுள் ஆர்.கே. நாராயணும் ஒருவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942-இல், அவர் மைசூரில் தமக்கெனப் பதிப்பகம் ஒன்றைத் தொடங்கினார்.

முடிவுரை

இவ்வளவு கணக்குப் பார்த்தால் கற்பனை வற்றிவிடாதோ என்று சிலர் ஐயுறலாம். டிரோலப்பின் தன்வரலாறு அவர் மறைந்த மறு ஆண்டான 1883-இல் வெளிவந்தபோது, கடிகாரம் வைத்து எழுதிய செய்தி பலருக்குக் கசந்தது. எனினும் அவர் நாவல்கள் இன்றும் அச்சில் உள்ளன. என் பட்டறிவில், கற்பனையை வற்றச் செய்வது கணக்கன்று, கடன்காரன் கதவைத் தட்டும் ஓசையே.

வள்ளுவர் காலமறிதலுக்கு ஓர் அதிகாரமும் மடியின்மைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். அவை அரசனுக்குக் கூறியவை. தன் தொழிலுக்குத் தானே அரசனாக விரும்பும் மாணவர் ஒருவர், ஒரு குறிப்பேட்டை வாங்கி, எழுதிய பக்கம், ஒப்புக்கொண்ட நாள், வரவேண்டிய தொகை என மூன்று பத்திகள் வரைந்து, அவற்றை ஓராண்டு விடாது நிரப்பி வருவாராக. அந்த ஓராண்டு, இத்தொழில் தமக்கு ஏற்றதா என்பதை என்னினும் தெளிவாக அவருக்கு உணர்த்தும்.