ஒளியை அளந்து படம் பிடிப்போம்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

வெயிலில் கண்ணின் பாவை சுருங்குகிறது. இருட்டில் விரிகிறது என்று அறிவியல் பாடத்தில் படித்தோம் அல்லவா? வீடியோ காமிராவுக்கும் அப்படியொரு பாவை உண்டு. அதைத் தானாக இயங்க விட்டு நான் பட்ட பாடே இக்கட்டுரைக்குக் காரணம்.

காசிமேட்டில் மீன் விற்கும் என் ஆயாவைப் படம் பிடிக்க ஆசைப்பட்டேன். மாமாவின் கேம்கார்டரை இரவல் வாங்கிக்கொண்டு விடியற்காலையில் சென்றேன். கூடையும் கையுமாக ஆயா கடலுக்கு முதுகு காட்டி நின்றார். வீட்டில் போட்டுப் பார்த்தால் கடலும் வானமும் வெகு அழகு. ஆயாவின் முகமோ ஒரே கறுப்பு! "இது நானாடி, இல்ல என் நெழலா?" என்றார் ஆயா. எனக்கு வெட்கமாகிவிட்டது.

காரணம் என்ன? நம்முடையது கிழக்குக் கரை. காலையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்பவரின் முகம் நிழலில் விழும். காமிராவோ மொத்த ஒளியையும் சராசரி பார்த்து, வானம் அதிகப் பிரகாசமாக இருப்பதால் துளையைச் சுருக்கிவிடுகிறது. ஆகவே நாமே ஒளியை அளக்க வேண்டும். அதற்கு வழிகள் நான்கு.

1. ஐரிஸ்: இதுவே ஒளி நுழையும் துளை. 2.8, 4, 5.6, 8, 11 என்பவை இதன் எண்கள். எண் ஏறினால் துளை சிறுக்கும். ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகும். விட்டம் ஏறத்தாழ 1.4 மடங்கு குறைந்தால் வட்டத்தின் பரப்பு பாதியாகும் என்ற கணக்குதான் இது.

2. ஷட்டர்: நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. ஆகவே 1/50 வினாடி வைத்தால் குழல்விளக்கின் துடிப்பு படத்தில் தெரியாது.

3. கெயின்: 6 டெசிபல் கூட்டினால் ஒரு படி வெளிச்சம் கூடும். ஆனால் படத்தில் புள்ளிகள் மொய்க்கும். எனவே இதைக் கடைசியாகவே தொட வேண்டும்.

4. என்.டி. ஃபில்டர்: இது சாம்பல் நிறக் கண்ணாடி. கடும் வெயிலில் காமிராவுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டதுபோல் உதவும்.

சில காமிராக்களில், வெளிச்சம் மிகுந்த இடத்தில் வரிக்குதிரைக் கோடுகள் தோன்றி எச்சரிக்கும்.

1956-இல் வெளிவந்த சத்யஜித் ரேயின் 'அபராஜிதோ' படத்தில், ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா ஸ்டூடியோவில் போட்ட வீட்டின்மேல் வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பச் செய்தார். காசி நகரத்து முற்றத்தின் இயற்கை வெளிச்சம் அப்படியே கிடைத்தது.

மறுவாரம் நானும் அவ்வழியில் முயன்றேன். ஆயாவுக்கு எதிரே தம்பி வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தான். ஐரிஸை 11-லிருந்து 5.6-க்குத் திறந்தேன். வானம் வெளுத்துக் கோடுகள் நிறைந்தன, நான் கவலைப்படவில்லை. ஆயாவின் நெற்றிச் சுருக்கமும் மூக்குத்தியும் தெளிவாகத் தெரிந்தன.

ஒரே படத்தில் எல்லாவற்றையும் காட்ட முடியாது. எது முக்கியம் என்று காமிராவுக்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். எனக்கு வானத்தைவிட ஆயாவே முக்கியம்!