நனைந்த கம்பளி கற்றுத் தந்த பாடம்

எட்டாம் வகுப்பில் ‘வெப்பம்’ பாடத்தைத் தொடங்கும்போது, “கம்பளி போர்த்தினால் ஏன் குளிர்வதில்லை?” என்று கேட்பேன். “கம்பளி சூடு கொடுக்கும் சார்” என்பார்கள் மாணவர்கள். “கொடுக்காது, நம் உடல் வெப்பம் வெளியேறாமல் தடுக்கும்” என்று திருத்துவேன். அதோடு பாடம் முடிந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

நீலகிரியில் உள்ள எங்கள் வீட்டு மாடியில் 100 லிட்டர் சூரிய வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. சென்ற மழைக்காலத்தில், அம்மா காலையில் குளிக்கும்போது நீர் ஆறிப்போயிருந்தது. மேலே ஏறிப் பார்த்தேன். தொட்டியின் வெளித்தகடு இணைப்பில் விரிந்து, உள்ளிருந்த வெப்பக்காப்பு நுரை மழையில் ஊறியிருந்தது. பழைய கம்பளி ஒன்றை அதன்மேல் இறுகக் கட்டினேன். இரவிலும் மழை பெய்தது. மாலையில் 60 டிகிரி செல்சியஸாக இருந்த நீர், காலையில் 40 டிகிரிக்கு இறங்கியிருந்தது.

வகுப்பில் இதைச் சொன்னேன். அதிகம் பேசாத மாணவி ஒருத்தி, “நனைஞ்ச கம்பளியைப் போர்த்தினா நமக்கே குளிருமே சார்!” என்றாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். எனக்குப் புரியாதிருந்தது அதுதான். வெப்பத்தைத் தடுப்பது கம்பளியைவிட, அதன் இழைகளுக்கிடையே அசையாமல் சிக்கியிருக்கும் காற்றே. அந்த இடத்தில் நீர் புகுந்தால், காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்திவிடும்.

சரிசெய்த விதம்

தொட்டி ஆறியிருந்த காலை வேளையில், துணை மின்சூடேற்றிக்கான மின்சாரத்தை முதன்மைச் சுவிட்சில் நிறுத்தினேன். ஊறிய நுரையை வெட்டி எடுத்தேன். அந்த இடத்தை இரண்டு நாள் வெயிலில் உலரவிட்டேன். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, கண்ணாடி இழைப் பஞ்சை அழுத்தாமல் நிரப்பினேன். அழுத்தினால் காற்று வெளியேறிவிடும். தகட்டைப் பொருத்தி, இணைப்பைச் சிலிக்கான் பசையாலும் அலுமினிய ஒட்டுநாடாவாலும் மூடினேன். காற்றுப்போக்குக் குழாயை மூடவில்லை; அது அடைபட்டால் தொட்டிக்கே ஆபத்து. மின் இணைப்புப் பகுதியை மின்பணியாளரிடம் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை நீர் 52 டிகிரி இருந்தது. முன்பைவிட 12 டிகிரி மிச்சம். இதை மாணவர்களே கணக்கிட்டார்கள்: 100 × 4.2 × 12 = 5040 கிலோஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 3600 கிலோஜூல் என்பதால், இது 1.4 யூனிட்.

வகுப்பறைச் செயல்பாடு

ஒரே அளவான மூன்று எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வெறுமனே விடுங்கள். இன்னொன்றில் உலர்ந்த பஞ்சையும், மூன்றாவதில் நனைத்த பஞ்சையும் சம தடிமனில் சுற்றுங்கள். பஞ்சு சுற்றிய இரண்டையும் பாலித்தீன் உறையால் மூடுங்கள். இல்லாவிட்டால் ஈரம் ஆவியாவதும் குளிர்ச்சியைக் கூட்டி, ஒப்பீட்டைக் குழப்பும். ஏறத்தாழ 50 டிகிரி வெந்நீரை ஆசிரியரே சம அளவில் ஊற்றி, மூன்றையும் மூடியிட வேண்டும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை, 30 நிமிடம் வரை, ஆய்வக வெப்பநிலைமானியால் அளந்து வரைபடம் வரையச் சொல்லுங்கள்.

அளப்பதற்கு முன்பே, எது முதலில் ஆறும் என்று ஒவ்வொருவரும் காரணத்துடன் எழுதட்டும். அந்தக் காரணங்களில்தான் அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது தெரியும். நான் தடுமாறிய இடம் எனக்குத் தெரிந்ததும் ஒரு மாணவி சொன்ன காரணத்தால்தான்.